வெங்கர் அடைத்த கடன்

இலண்டன் உதைபந்தாட்டக் கழகமான ஆர்சனலின் மனேஜர் ஆர்சென் வெங்கர் அதை விட்டுப் போனது 2018 மே மாதம். இத்தனை வருடம் கழிந்தும் யாழ்ப்பாணத்தில் ஆர்சனல் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் கதை அவரிடம்தான் போய் நிற்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துத் தேநீர்க்கடையில் அண்மையில் நடந்ததும் அதுதான். அந்தக் கிழமை ஆட்டத்தைப் பற்றித்தான் தொடங்கினோம். பிளேன்ரீ ஆறுவதற்குள் வெங்கரிடம் வந்துவிட்டோம். எங்கள் கூட்டத்தில் ஆக இளையவன் சொன்னான்: "அண்ணை, உங்கட ஆள் பத்து வருசம் பிந்திப் போனவர். 2006லயே போயிருந்தா இண்டைக்கு நாங்கள் எங்கயோ நிண்டிருப்பம்."

பக்கத்தில் இருந்த மூத்தவருக்குப் பத்திக்கொண்டு வந்தது. "டேய், ஒரு சீசன் முழுக்கத் தோக்காம விளையாடினதை நீ கண்ணால கண்டனியோ?" என்று தொடங்கிவிட்டார். பிறகு வழக்கமான கணக்குகள். 2003–04இல் 38 ஆட்டம், 26 வெற்றி, 12 சமநிலை, தோல்வி இல்லை. தொடர்ந்து 49 ஆட்டம் தோற்கவில்லை. மூன்று லீக் பட்டம், தோற்றவர் வெளியேறும் எஃப்.ஏ. கிண்ணம் ஏழு. இளையவன் விடவில்லை. 8-2, 10-2, 6-0 என்று ஆர்சனல் வாங்கிக் கட்டிய தோல்விகளை அடுக்கினான்.

இரண்டு பேரின் எண்களும் சரி. ஆனால் இரண்டு பேரும் ஒரே இடத்தைத் தாண்டிக் குதிக்கிறார்கள். மூத்தவர் 2004இல் நின்றுவிடுகிறார். இளையவன் 2011இல் தொடங்குகிறான். நடுவில் கிடக்கிற காலம், அதாவது 2006இலிருந்து 2013 வரை, இரண்டு பேருக்கும் வெட்கக்கேடான காலம். எனக்கோ வெங்கர் செய்த ஆகப் பெரிய வேலை அந்த நடுவில்தான் இருக்கிறது. இதைச் சொன்னால் கடையில் யாரும் கேட்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு தலைமுறையும் ஏன் இப்படிப் பிரிந்து நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். வெங்கர் ஜப்பானின் நகோயா கிராம்பஸ் அணியிலிருந்து ஆர்சனலுக்கு வந்து பொறுப்பேற்றது 1996 ஒக்ரோபர். அதற்கு ஒரு வருடம் முந்திய ஒக்ரோபரில் யாழ்ப்பாணமே ஒரே இரவில் இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் போனது. 1996இன் நடுவில் பெரும்பாலானோர் திரும்பி வந்தார்கள். வீட்டுக் கூரை இருக்கிறதா, கிணறு பாவிக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இலண்டனில் ஒரு கழகத்துக்கு யார் மனேஜர் என்று இங்கே யாருக்குக் கவலை? இங்கிலாந்திலேயே "யார் இந்த ஆர்சென்?" என்றுதான் பத்திரிகையில் தலைப்புப் போட்டார்கள். 1998இல் லீக், எஃப்.ஏ. கிண்ணம் இரண்டையும் ஒரே சீசனில் அவர் எடுத்தபோது அது எங்களுக்குப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்து மூலையில் கிடந்த செய்தி, அவ்வளவுதான். பிரித்தானியாவுக்கு வெளியிலிருந்து வந்து அந்த இரட்டையை எடுத்த முதல் மனேஜர் அவர்தான் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

எங்கள் வயதுக்காரர் ஆர்சனலைக் கண்ணால் கண்டது சமாதான காலத்தில். 2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தது. ரீவியும் டிஷ் அன்ரெனாவும் வந்து இறங்கின. வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்தார்கள். அவர்களின் பயணப்பெட்டியில் சொக்லேற்றுக்கு அடியில் ஆர்சனல் ஜேர்சியும் வந்தது. அப்போது திரையில் ஓடிக்கொண்டிருந்தது ஹென்றி, பேர்க்காம்ப், வியேரா, பிரெஸ். ஐவரி கோஸ்டிலிருந்து வந்த கோலோ டூரே, கமரூனிலிருந்து வந்த லோறன். இப்படி ஒரு விளையாட்டை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. பந்து தங்கள் பெட்டிக்குள் பறிபட்டு, நாலைந்து தட்டில் எதிரணியின் வலைக்குள் இருக்கும். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கத்துப் பொடியள் உதைபந்தாட்டத்தைத் தாய்ப்பாலோடு குடித்தவர்கள். அவர்களே வாய் பிளந்து பார்த்த அணி அது. அந்தக் காலத்தில் ஆர்சனல் ரசிகனானவனுக்கு வெங்கர் என்றால் சந்தோசம். அதை அவனிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

எங்கள் இளையவன் ரீவி முன்னால் குந்தத் தொடங்கியதோ 2011 ஓகஸ்டில். அவனுக்கு நினைவிருக்கிற முதல் ஆர்சனல் ஆட்டம் ஓல்ட் டிரஃபர்டில் மன்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-2 என்று வாங்கியது. பள்ளிக்கூடத்தில் அடுத்த நாள் அவன் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குப் பாவமாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பாதிப் பேர் யுனைடெட் ரசிகர்கள் அல்லவா.

தோல்வி காணாத சீசனைப் பற்றி நான் நிறைய எழுதப்போவதில்லை. அதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். முதல் பாதியில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வெங்கர் வந்தபோது ஆர்சனலில் குடி ஒரு பழக்கமாகவே இருந்தது. அணித்தலைவர் ரொனி அடம்ஸ் தன் குடிப்பழக்கத்தை வெளிப்படையாகச் சொன்னது வெங்கர் பொறுப்பேற்பதற்குச் சில கிழமைகளுக்கு முன்புதான். வெங்கர் சாப்பாட்டை மாற்றினார். அவித்த மரக்கறி, மீன், பாஸ்தா. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் தசையை இழுத்துத் தளர்த்தும் பயிற்சி. பயிற்சியின் ஒவ்வொரு பகுதியையும் கடிகாரம் பிடித்து அளந்தார். மார்ஸ் சொக்லேற் வேண்டும் என்று வீரர்கள் பஸ்ஸுக்குள் பாட்டுப் பாடினார்களாம். ஆனால் முப்பதைத் தாண்டி முடிந்துபோனார்கள் என்று கணக்குப் போட்டிருந்த பின்களத்துக்காரர்கள் இன்னும் பல வருடம் விளையாடினார்கள். அடம்ஸ் 1998இலும் 2002இலும் தலைவராக நின்று இரட்டைக் கிண்ணம் தூக்கினார். ஒரு மனிதனின் தொழில் வாழ்க்கையை நீட்டிக் கொடுப்பது சின்ன விசயமா?

இன்னொன்று, 1999 பெப்ரவரியில் ஷெஃபீல்ட் யுனைடெட்டுடன் நடந்த எஃப்.ஏ. கிண்ண ஆட்டம். காயப்பட்ட வீரனுக்காக எதிரணிக் கோல்காப்பாளர் பந்தை வெளியே அடித்தார். அதைத் திருப்பிக் கொடுப்பது மரியாதை. ஆர்சனல் வீரர் பந்தைத் திருப்பித்தான் எறிந்தார். அன்றைக்குத்தான் முதல் ஆட்டம் ஆடிய கானு விசயம் விளங்காமல் பந்தை எடுத்து ஓடி ஓவர்மார்ஸுக்குக் கொடுக்க, அது கோலானது. சட்டப்படி அது கோல். ஆர்சனல் 2-1 என்று வென்றுவிட்டது. ஆட்டம் முடிந்ததும் வெங்கர், இந்த வெற்றி வேண்டாம், திரும்ப விளையாடுவோம் என்றார். பத்து நாள் கழித்துத் திரும்ப விளையாடி அதே 2-1 என்று வென்றார்கள். எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் ஒரு ஓஃப்சைட்டுக்கே மைதானம் இரண்டாகப் பிரியும். எந்தத் தீர்ப்பையும் சும்மா விட்டுக்கொடுக்காத ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் பந்து விளையாடி வளர்ந்தவனுக்கு, வென்ற ஆட்டத்தைத் திருப்பிக் கொடுத்த ஒருவரின் மீது வருகிற மதிப்பு தனி.

சரி, இனி நடுப்பகுதிக்கு வருகிறேன்.

ஆர்சனலின் பழைய ஹைபரி மைதானத்தில் 38,000 பேர்தான் இருக்கலாம். மன்செஸ்டர் யுனைடெட்டின் மைதானத்தில் அதைப்போல இரண்டு மடங்கு. ஒவ்வொரு சொந்த மைதான ஆட்டத்திலும் அந்த வித்தியாசம் காசாக விழும். ஆகவே ஆர்சனல் 390 மில்லியன் பவுண்ஸ் செலவில் 60,000 பேர் இருக்கிற எமிரேட்ஸ் மைதானத்தைக் கட்டியது. அதில் பெரும்பகுதி வங்கிக் கடன். கையில் காசு உடனே தேவைப்பட்டதால் 2004இல் எமிரேட்ஸ் விமான நிறுவனத்துடன் ஏறத்தாழ 100 மில்லியன் பவுண்ஸுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். மைதானத்தின் பெயர் 15 வருடத்துக்கு, ஜேர்சி விளம்பரம் 8 வருடத்துக்கு. பிறகு உதைபந்தாட்டத்தில் விளம்பரக் காசு மளமளவென்று ஏறியபோது ஆர்சனல் பழைய விலையில் கட்டுண்டு கிடந்தது. அதே நேரத்தில் செல்சியை 2003இல் ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச் வாங்கியிருந்தார். 2008இல் மன்செஸ்டர் சிட்டி அபுதாபியின் கைக்குப் போனது. மைதானம் கட்டத் திட்டம் போட்ட நாளில் யாரும் எதிர்பார்க்காத இரண்டு பணமலைகள் பக்கத்தில் முளைத்துவிட்டன.

வெங்கர் பின்னாளில் சொன்ன ஒரு விசயத்தை இளையவனுக்கு ஒவ்வொரு தரமும் ஞாபகப்படுத்துகிறேன். கடன் கொடுக்க வங்கிகள் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, வெங்கர் ஐந்து வருடம் இருப்பேன் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்பது. ஐந்து வருடத்தில் மூன்று தரமாவது ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் மோதும் சம்பியன்ஸ் லீக்குக்குப் போக வேண்டும், சராசரி 54,000 பேர் மைதானத்துக்கு வர வேண்டும் என்பதே அந்தக் கணக்கு. கட்டடத்துக்கு ஈடாக நின்றது காணி உறுதியோடு அந்த மனிதனும்தான். வேறு கழகங்கள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது. போயிருக்கலாம். தோற்காத அணியின் மனேஜர் என்ற பெயரோடு 2006இல் போயிருந்தால், இளையவன் ஆசைப்படுகிற மாதிரியே நடந்திருந்தால், அவர் பெயரில் ஒரு கறையும் இருந்திராது. கறை முழுக்கக் கழகத்தின் மேல் விழுந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இப்படி ஒரு மூத்த அண்ணன் இருப்பார். வெளிநாடு போய் இரண்டு வேலை செய்து, தங்கச்சிமாருக்குச் சீதன வீடு கட்டி, வட்டியும் முதலும் கட்டி முடிக்கும்போது அவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். அந்த வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டே, "உவர் காலத்துக்குக் கலியாணம் கட்டாமல் விட்டிட்டார்" என்று நாங்கள் கதைப்போம். எமிரேட்ஸ் மைதானத்தில் இருந்துகொண்டு அவருக்கு எதிராகப் பதாகை பிடித்தவர்களைக் கண்டபோது எனக்கு அந்த அண்ணன்மார்தான் ஞாபகம் வந்தார்கள்.

ஒவ்வொரு கோடையும் ஒருவரை விற்றார். 2005இல் வியேரா போனார், 2006இல் ஆஷ்லி கோல், 2007இல் ஹென்றி. 2009இல் அடெபயோரும் கோலோ டூரேயும் சிட்டிக்கு. 2011இல் ஃபாப்ரேகாஸ் பார்சலோனாவுக்கு, நஸ்ரி சிட்டிக்கு. 2012இல் வான் பேர்சி, அதுவும் யுனைடெட்டுக்கு! அவர் அங்கே போன முதல் வருடமே லீக் பட்டம் எடுத்தார். 2007 ஏப்ரலில் துணைத்தலைவர் டேவிட் டீன் கழகத்தை விட்டு விலகியது எல்லாவற்றிலும் பெரிய அடி என்று நான் நினைக்கிறேன். வெங்கரைக் கொண்டுவந்தவரே அவர்தான். பேரம் பேசுவதும் வீரர்களைப் பிடித்துக்கொண்டு வருவதும் அவர் வேலை. அவர் போன பிறகு அந்தச் சுமையும் சேர்ந்து வெங்கரின் தலையில் ஏறியது. இத்தனைக்கும் நடுவில் ஒரு வருடமாவது நாலாம் இடத்துக்குக் கீழே இறங்கவில்லை. அவர் முழுதாக நடத்திய முதல் 19 சீசனிலும் ஆர்சனல் முதல் நாலுக்குள் இருந்தது. "நாலாம் இடம் ஒரு கிண்ணமோ?" என்று சிரித்தார்கள். கடன் இருக்கிற வீட்டில் அது கிண்ணம்தான். நாலாம் இடம் வந்தால் சம்பியன்ஸ் லீக், அந்தக் காசிலிருந்துதான் வங்கித் தவணை போனது.

இந்தக் காலத்தை நான் கொஞ்சம் கூடுதலாக நேசிக்கிறேன் என்றால் அதற்கு எங்கள் காரணமும் ஒன்று இருக்கிறது. 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 மூடப்பட்டது. எமிரேட்ஸில் முதல் லீக் ஆட்டம் நடந்தது அதே ஓகஸ்ட் 19ஆம் திகதி. சாமான் எல்லாம் கப்பலில் வர வேண்டிய காலம், விலை எங்கேயோ போன காலம். ஊரடங்கு நேரத்தில் பக்கத்து வீட்டுக்குக்கூடப் போக முடியாது. சனிக்கிழமை இரவு, கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து, ஃபாப்ரேகாஸ் என்ற இருபது வயதுப் பொடியன் பந்தை அனுப்புவதைப் பார்ப்போம். கோல் விழுந்தால் கத்த முடியாது. எங்களுக்கு அந்த அணி கிண்ணம் எதையும் தரவில்லை. ஒன்றரை மணித்தியாலம் மனதை வேறு இடத்தில் வைத்திருக்கத் தந்தது. நான் அந்த அணிக்கு நன்றிக்கடன் பட்டவன்.

அந்த அணி கிண்ணத்துக்கு லாயக்கில்லாத அணியும் அல்ல. 2008 பெப்ரவரியில் ஆர்சனல் ஐந்து புள்ளி முன்னால் நின்றது. 23ஆம் திகதி பேர்மிங்ஹாமில் எங்கள் முன்கள வீரர் எடுவார்டோவின் கால் முறிந்தது. அதைப் பார்த்த எவனும் மறக்க மாட்டான். ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பெனால்டி கொடுத்து 2-2. அணித்தலைவர் கலாஸ் மைதானத்திலேயே குந்திவிட்டார். அதிலிருந்து அணி எழும்பவே இல்லை. 83 புள்ளியோடு மூன்றாம் இடம், பட்டம் எடுத்த யுனைடெட்டுக்கு நாலு புள்ளி கீழே. அந்தக் கால் முறியாதிருந்தால் என்று நாங்கள் இன்றைக்கும் கதைக்கிறோம். 2011இல் லீக் கிண்ண இறுதியாட்டத்தில் அதே பேர்மிங்ஹாமிடம் கடைசி நேரத்தில் தோற்றது அடுத்த இடி.

இதுவரை நான் சொன்னதை வைத்துக்கொண்டு வெங்கர் செய்தது எல்லாம் சரி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2013 செப்டெம்பரில் ஓசிலை 42.5 மில்லியனுக்கு வாங்கிய நாளோடு கடன் சாட்டு முடிந்துவிட்டது. 2014இல் ஹல் சிட்டியை 3-2 என்று வென்று ஒன்பது வருடத்துக்குப் பிறகு கிண்ணம் எடுத்தார்கள். 2015இல் திரும்பவும் எடுத்தார்கள். அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கு வெங்கர்தான் பதில் சொல்ல வேண்டும்.

முக்கியமாக 2015–16. செல்சி விழுந்தது, சிட்டி தடுமாறியது, யுனைடெட் எங்கே நிற்கிறது என்று யுனைடெட்டுக்கே தெரியவில்லை. பட்டம் தெருவில் கிடந்தது. அந்தக் கோடையில் ஆர்சனல் முதல் அணிக்கு வாங்கிய ஒரே பெரிய ஆள் கோல்காப்பாளர் செக். வெளிக்களத்துக்கு ஒருவரும் இல்லை. லெஸ்டரை இரண்டு ஆட்டத்திலும் வென்ற ஆர்சனல், அதே லெஸ்டருக்குப் பத்துப் புள்ளி பின்னால் இரண்டாவதாக வந்தது. காசு இருந்தது, தேவை தெரிந்தது, அவர் வாங்கவில்லை. இல்லாத காலத்தில் வாங்காமல் சமாளித்த மனிதனுக்கு இருக்கிற காலத்தில் வாங்கக் கை வரவில்லை. இதை நான் மன்னிக்கவில்லை.

இலண்டனில் இருக்கிற என் மச்சானின் கோபம் இங்கேதான் தொடங்குகிறது. "நீங்கள் ரீவியில பாக்கிறியள். நான் காசு குடுத்துப் போறன்" என்பான். ஆர்சனலின் ஆக விலை கூடிய சீசன் ரிக்கெற் அந்தக் காலத்தில் இரண்டாயிரம் பவுண்ஸைத் தாண்டியது. வேலைக்கு லீவு போட்டு, குளிரில் போயிருந்து, 2017இல் பயேர்ன் மியூனிக்கிடம் சொந்த மைதானத்தில் 5-1 வாங்குவதைப் பார்த்தவன் அவன். அங்கே 5-1, இங்கே 5-1. அவன் "வெங்கர் போ" என்று கத்தியதில் எனக்குக் குறை இல்லை. கத்துகிற உரிமையைக் காசு கொடுத்து வாங்கியவன். ஆனால் அவன் உட்கார்ந்து கத்திய கதிரையும் வெங்கர் கடன் கட்டி வாங்கியதுதான் என்பதை அவனுக்கும் சொல்லியிருக்கிறேன். ஒரு கிழமை கதைக்கவில்லை.

எப்போது போயிருக்க வேண்டும் என்று கேட்டால் என்னிடம் திகதியே இருக்கிறது: 2017 மே 27. அன்றைக்கு எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் லீக் சம்பியன் செல்சியை 2-1 என்று வென்றார். ஏழாவது கிண்ணம். அந்த மாலையோடு போயிருக்கலாம். நாலு நாள் கழித்து இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கடைசிச் சீசனில் ஆறாம் இடம், பாதி வெறுமையான மைதானம், சன்செஸ் யுனைடெட்டுக்கு. அது யாருக்கும் நல்லது செய்யவில்லை. ஆகவே இளையவனுக்கு என் பதில்: பத்து வருடம் இல்லை தம்பி, ஒரு வருடம்.

அப்புறம் அவன் தலையில் தூக்கி வைத்திருக்கிற இன்றைய அணியைப் பார்ப்போம். ஆர்டெட்டா ஆர்சனலுக்கு வந்தது எப்போது? அந்த 8-2 நடந்து மூன்று நாளில், 2011 ஓகஸ்ட் 31ஆம் திகதி, கடைசி நேர அவசரத்தில். அவசரத்தில் வாங்கிய அந்த ஆள் அணித்தலைவராகி, 2019 டிசெம்பரில் மனேஜராகி, முதல் சீசனிலேயே எஃப்.ஏ. கிண்ணம் எடுத்து, 2023, 2024, 2025 என்று மூன்று வருடம் தொடர்ந்து இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். சாக்கா ஏழு வயதில் ஆர்சனலின் இளையோர் அணிக்குச் சேர்ந்ததும் அந்த வரட்சிக் காலத்தில்தான். எமிரேட்ஸ் நிரம்பி வழிவதால்தான் டெக்லன் றைஸை 100 மில்லியனுக்கு வாங்க முடிந்தது. 2023இல் மைதானத்துக்கு வெளியே வெங்கருக்குச் சிலை வைத்தார்கள். பட்டம் எடுத்த காலத்து மைதானம் ஹைபரி. அங்கே இப்போது வீடுகள். சிலை நிற்பது அவர் ஒரு லீக் பட்டமும் எடுக்காத மைதானத்தின் வாசலில். சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு இளையவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். 2008 மார்ச்சில் மிலானை அவர்களின் சான் சிரோவில் ஆர்சனல் 2-0 என்று வென்ற ஆட்டத்தை முழுதாகப் பார் என்றேன். அங்கே மிலானை வென்ற முதல் இங்கிலாந்துக் கழகம் அதுதான். 84ஆவது நிமிடத்தில் ஃபாப்ரேகாஸ் தூரத்திலிருந்து அடித்தது, கடைசியில் அடெபயோர். பார்த்துவிட்டு வந்தான். "ஆட்டம் திறம் அண்ணை. அந்த வயசில அவங்கள் இப்பிடி விளையாடினவங்கள் எண்டு எனக்குத் தெரியாது. ஆனா அடுத்த சுற்றில லிவர்பூலிட்டத் தோத்து வெளியில போனவைதானே?"

போனவைதான். ஆன்ஃபீல்டில் 4-2. ஆனால் அந்த ஆட்டத்தில் ஆர்சனலின் வால்கொட் தங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் பந்தை எடுத்து, மைதானம் முழுக்க ஓடி, அடெபயோருக்குக் கொடுத்து 2-2 ஆக்கிய ஓட்டம் ஒன்று இருக்கிறது. அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் பெனால்டி விழுந்து எல்லாம் போனது வேறு கதை. வருகிற ஞாயிறு அவனை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அந்த ஓட்டத்தைப் போட்டுக் காட்டிவிட்டு மிச்சத்தைக் கதைப்போம்.